நீல போர்டு வண்டி

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார் வெளிநாட்டுக் கார். அதற்கு முன் எங்களிடம் இருந்தது என் கணவரின் பழைய பைக் ஒன்றுதான். பைக்கிலிருந்து ஒரே தாவாகத் தாவிச் சீமைக் காருக்குப் போய்விட்டோம் என்று கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் என்னைக் கேலி செய்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இன்றைக்கு யாராவது அதை நினைவுபடுத்தினால் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். வேலைக்காகப் போச்சம்பள்ளித் தொழிற்பேட்டைக்கு வந்தவள், இந்தப் பக்கத்துக்காரரையே கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். கம்பெனியில் என் வேலை, செய்து வரும் பொருளில் குறை இருந்தால் கண்டுபிடித்து ஒதுக்குவது. வீட்டிலும் அதே வேலைதான் பார்க்கிறாள் என்பார் என் கணவர். அவர் மத்தூர்க்காரர். பெங்களூரில் ஒரு வெளிநாட்டுத் தூதரக அலுவலகத்தில் டிரைவர். அந்த நாட்டு அதிகாரி ஒரு பெண்மணி. இவர் அவரை மேடம் என்றுதான் சொல்வார். வாரமெல்லாம் அங்கே இருந்துவிட்டுச் சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மேடத்தின் புராணம் தொடங்கிவிடும். மேடம் நன்றி சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கியதே இல்லையாம். மேடம் தயிர் சாதத்தை விரும்பிச் சாப்பிடுவாராம்.

"நானும் தயிர் சாதந்தான் சாப்பிடுறேன். என்னையப் பத்தி யாருகிட்டயாவது இப்பிடிச் சொல்லியிருக்கீகளா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

மேடத்தின் பதவிக்காலம் முடிந்து நாடு திரும்பிய அன்று, அலுவலக வாசலில் எல்லோரும் பார்க்க, அவர் தன் கார்ச் சாவியை என் கணவரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டிருக்கிறார். உனக்கும் உன் மனைவிக்கும் என் பரிசு என்று சொல்லியிருக்கிறார். பழைய வண்டிதான், ஆனால் இவர் கையாலேயே துடைத்து வளர்ந்த வண்டி. பக்கத்தில் நின்று கைதட்டியவர்களில் அலுவலக மேனேஜரும் ஒருவர். பேப்பரெல்லாம் பின்னால் வரும், நீ எடுத்துக்கொண்டு போ என்றார் அவர். அடுத்த அதிகாரி வரக் கொஞ்ச நாள் ஆகும், வந்ததும் வேலைக்குக் கூப்பிடுகிறேன், அதுவரை ஊரில் இரு என்றும் சொன்னார்.

இவர் எல்லையைத் தாண்டி, ஓசூர் வழியாக, கிருஷ்ணகிரி வழியாக, அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு முன்னால் நிறுத்தினார். நாங்கள் இருந்தது பாரூர்க் கால்வாயை ஒட்டி, ஒரு விவசாயியின் தோட்டத்தில் இருந்த வாடகை வீடு. வீட்டுக்காரர் கரும்பு வயலிலிருந்து கை கூடக் கழுவாமல் ஓடி வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, முன்னால் குனிந்து பார்த்தார்.

"என்னா தம்பி, போர்டு நீலமா இருக்குது?"

"தூதரகத்து வண்டிக்கு நீல போர்டுதாங்க. நீல போர்டப் பாத்தா போலீஸ்காரங்க கை காட்ட மாட்டாங்க" என்றார் இவர், தன்னையே போலீஸ்காரர்கள் கண்டு பயப்படுவதுபோல.

சாலையோர முனியப்பன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பூசணிக்காய் உடைத்தோம். நீல போர்டுக்குச் சந்தனமும் குங்குமமும் நான்தான் வைத்தேன். வீட்டுக்காரர் தன் டிராக்டரை வெளியே நிறுத்திவிட்டுக் கொட்டகையை எங்கள் வண்டிக்கு விட்டுக்கொடுத்தார். அவர் பெருந்தன்மைக்குக் காரணம், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கொட்டகையைத் திறந்து காட்டலாம் என்பதுதான்.

பிறகுதான் அந்தத் தவறு நடந்தது. கெட்ட எண்ணத்தில் செய்ததாக இருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. யோக்கியமாக இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்தது.

ஓசூரில் இவருடைய டிரைவர் நண்பர்கள் இருக்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள். ஓட்டி அலுத்ததும் மஞ்சள் போர்டு வண்டியைச் சொந்த வண்டியாக மாற்றிக்கொள்வார்கள். எண் அதேதான் இருக்கும். போர்டு மட்டும் மஞ்சளிலிருந்து வெள்ளையாகிவிடும். அதற்கு அலுவலகத்தில் நடக்க வேண்டிய வேலைகள் தனியாக நடக்கும் என்பதை இவர் யோசிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது நிறம் மாறுவதுதான். இந்த வண்டி இப்போது தூதரகத்துடையது இல்லை, நம்முடையது. நம் வண்டியில் நீல போர்டு இருந்தால் ஊரை ஏமாற்றுவது ஆகாதா? நீல போர்டைக் காட்டிக்கொண்டு மத்தூர்ச் சந்தைக்குப் போனால் மேடத்துக்கு அல்லவா கெட்ட பெயர்? இப்படியெல்லாம் நியாயம் பேசிவிட்டு, ஓசூரில் ஒரு ஸ்டிக்கர் கடையில் கொடுத்து, அதே எண்ணை, அதே எழுத்தை, வெள்ளைப் பலகையில் கறுப்பில் எழுதி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார்.

"நம்பர மாத்தினாத்தான் தப்பு. கலர்ல என்னா இருக்குது?" என்றார்.

நானும் சரி என்றேன். கழற்றிய நீலப் பலகைகள் இரண்டும் நல்ல கனமான தகடு. தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. பின்பக்கத்துப் பலகை கொஞ்சம் அகலம். தண்ணீர்க் குடத்துக்கு மூடியாக வைத்தேன். முன்பக்கத்து நீளப் பலகையை, தாளிக்கும்போது எண்ணெய் சுவரில் தெறிக்காமல் இருக்க, அடுப்புக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன்.

கொஞ்ச காலம் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதை இல்லை என்று சொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பாரூர் ஏரிக்கரை வரை போய்வருவோம். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன வேர்க்கடலையைத் தின்றுவிட்டுத் திரும்புவோம். தோலை வண்டிக்குள் போட்டால் மட்டும் இவருக்குக் கோபம் வரும்.

ஒருநாள் காலை கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் தன் போனை என் முன்னால் நீட்டினாள். எங்கேயோ வேறு மாநிலத்தில், வரி கட்டாமல் சலுகையில் வந்த வெளிநாட்டுக் கார்களை அதிகாரிகள் பிடித்து வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். "உங்க வண்டி மாதிரியே ஒண்ணு நிக்குதுக்கா, பாருங்க" என்று சிரித்தாள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்த வண்டிக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றிருந்தார். என் கணவருடைய துண்டும் அதே மாதிரி கட்டம் போட்டது.

எங்கள் கம்பெனிக்குள் ஒரு பெரிய இயந்திரம் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரிச் சலுகையில் வந்தது. அதைச் சுற்றித் தரையில் சிவப்புக் கோடு போட்டு, இடம் மாற்றக் கூடாது என்று எழுதி வைத்திருப்பார்கள். ஒருமுறை தரைக்குப் பூச்சுப் போடுவதற்காக அதைப் பக்கத்துக் கட்டடத்துக்குத் தள்ளி வைத்திருந்தபோது சுங்க அதிகாரிகள் வந்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் பெரிய மேலாளர் ஏசி அறையில் நின்று வேர்த்ததை நானே பார்த்தேன். இவ்வளவு காலம் அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடந்தவளுக்கு, நம் வீட்டுக் கொட்டகையிலும் ஒன்று நிற்கிறதே என்று தோன்றவே இல்லை. அன்றுதான் தோன்றியது.

ஏற்றுமதி இறக்குமதிப் பிரிவில் இருந்த சாரிடம் போனேன். சொந்தக்காரர் ஒருவருக்கு என்று ஆரம்பித்து, ஊர் பெயர் எதுவும் சொல்லாமல் கேட்டேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"வரிச் சலுகை வண்டிக்குன்னு நெனச்சீங்களாம்மா? அது ஆளுக்கு. வெளிநாட்டு அதிகாரி, அவங்க பதவிக்கு மரியாதை, அதனால வரி இல்லாம கொண்டு வரலாம். அந்த வண்டிய இங்க இருக்கிற ஒருத்தருக்கு வித்தாலும் சரி, சும்மா குடுத்தாலும் சரி, அனுமதி வாங்கணும், விட்ட வரியக் கட்டணும். கட்டலேன்னா வண்டியப் பிடிச்சுருவாங்க."

"போர்டு கலர மாத்தியிருந்தா சார்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அது தனிக் கேசு."

"யாரு மேல சார்?"

"வண்டி யாரு கையில இருக்குதோ அவங்க மேல. குடுத்த அதிகாரி பிளேன் ஏறிப் போயிருப்பாங்களே."

வரி எவ்வளவு இருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்து என்ன ஆகப் போகிறது? வேலைக்குத் திரும்பினேன். அன்றைக்கு என் கையைத் தாண்டிக் குறையுள்ள பொருள்கள் எத்தனை போயினவோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் முதலில் என்மேல் பாய்ந்தார். "மேடம் அப்பிடிப்பட்டவங்க இல்ல."

"மேடம் நல்லவங்கதான். நல்லவங்க குடுத்தா வரி தள்ளுபடியாயிருமா? உங்களத்தாங்க பிடிச்சுட்டுப் போவாக. மேடத்தை இல்ல."

அதைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பயம் வண்டி போய்விடும் என்பது இல்லை. வண்டி போனால் போகட்டும். இந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுதான். இவருக்கு ஒரு அதட்டலைத் தாங்கத் தெரியாது. யாராவது குரலை உயர்த்திக் கேட்டால், செய்யாததையும் செய்தேன் என்று சொல்லிவிடக் கூடியவர்.

மேனேஜருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தவர், "பேப்பர் வரும்ப்பா, அவசரப்படாத" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு போன் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து வண்டி கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. மேலே தார்ப்பாயைப் போட்டு, அதன் மேல் காய்ந்த கரும்புத் தோகையைப் பரப்பினோம். கோழிகள் ஏறி உட்கார்ந்தன. துடைத்துத் துடைத்து வைத்த வண்டியின் மேல் கோழி எச்சத்தைப் பார்த்தபோது இவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. பால் வண்டி வந்தாலும், சிலிண்டர் வண்டி வந்தாலும், நான் ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்துவிடுவேன். பஸ்ஸில் யாராவது "உங்க சீமைக் கார் எப்பிடிக்கா இருக்குது?" என்று கேட்டால், விற்றுவிட்டோம் என்றேன். யாருக்கு என்றாள் ஒருத்தி. சேலத்துக்காரருக்கு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு, அந்தச் சேலத்துக்காரரையும் தேடி வருவார்களோ என்று அதற்கும் பயந்தேன்.

எனக்கு மதிய ஷிப்டு இருந்த ஒருநாள், காலையில் கால்வாய்க் கரையில் அரசாங்க ஜீப் ஒன்று வந்தது. வெள்ளைச் சட்டை போட்டவர்கள் இறங்கினார்கள். நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். ஆறடி மனிதர், குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். அதில் பிழிய ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவர்கள் கால்வாயை அளக்க வந்தவர்கள். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கரையை எவ்வளவு உள்ளே தள்ளிக் கரும்பு போட்டிருக்கிறார் என்று பார்த்தார்கள். அத்தோடு போயிருக்கலாம். அவர்களில் ஒரு இளைஞர் நிழலுக்காகக் கொட்டகைக்குள் ஒதுங்கினார். தோகைக்கு நடுவில் வண்டியின் முன்பக்கம் தெரிந்திருக்கிறது.

"சார், இங்க வாங்க! இந்தக் காட்டுல பாருங்க என்ன வண்டி நிக்குதுன்னு!"

எல்லோரும் கூடினார்கள். தார்ப்பாயைத் தூக்கினார்கள். வீட்டுக்காரர் ஓடிப்போய், "மருமகன் வண்டிங்க, பெங்களூர்ல இருக்காப்ல" என்றார். அந்த இளைஞர் கார்ப் பைத்தியம் போலிருக்கிறது. வண்டி முன்னால் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டார். வண்டி, கோழி, எங்கள் வெள்ளை போர்டு எல்லாம் அந்தப் படத்தில் விழுந்திருக்கும். ஜீப் போன பிறகும் வெகுநேரம் இவர் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. நான் கதவைத் தட்டி, "போயிட்டாக, வாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்காரர் நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். கோபப்படவில்லை. ரோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் அந்த வண்டியப் பாத்துப் பயந்துக்கினு இருக்கறது எனக்குத் தெரியாதா? என்னா ஏதுன்னு நான் கேக்கல. எனக்கு நெலம் இருக்குது, மாடு கன்னு இருக்குது. இன்னிக்கு மருமகன்னு பொய் சொல்லிட்டேன். இனிமே முடியாதும்மா. எடுத்துக்கினு போயிடுங்க."

எங்கே எடுத்துக்கொண்டு போவது? விற்க முடியாது, விட்டுவிட்டு ஓட முடியாது. கொடுத்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் விடுவது ஒன்றுதான் வழி என்றேன். இவர் போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தார். கோழி எச்சத்தைச் சுரண்டும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காதது போல உள்ளே போய்விட்டேன்.

உள்ளே எனக்கும் வேலை இருந்தது. நீலப் பலகைகளை மறுபடி மாட்ட வேண்டும். குடத்து மூடியில் ஒன்றும் பிரச்சனை இல்லை. அடுப்புக்குப் பின்னால் இருந்ததில்தான் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப் பிசின் மாதிரி இறுகியிருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், பாத்திரப் பவுடர் போட்டுத் தேய்த்தேன். கழற்றிய வெள்ளைப் பலகைகளைப் பாரூர் ஏரியில் போட்டுவிடுவதாகத் திட்டம். அவற்றில் நீளமாக இருந்த முன்பக்கத்துப் பலகையை இவர் காலால் மிதித்து இரண்டாக மடித்தார். இரண்டையும் துண்டில் சுற்றிக் கட்டைப் பையின் அடியில் வைத்து, மேலே சாப்பாட்டு டப்பாவை வைத்தேன்.

மறுநாள் காலை புறப்பட்டோம். இவர் தன் வெள்ளை உடுப்பை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டார். என்னைப் பட்டுச் சேலை கட்டிப் பின்சீட்டில் உட்காரச் சொன்னார். நீல போர்டு வண்டியில் பின்சீட்டு காலியாக இருந்தாலும் சந்தேகம் வரும், டிரைவர் பக்கத்தில் பொண்டாட்டி இருந்தாலும் சந்தேகம் வரும் என்றார். அந்த வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஏரிக்கரையில் நிறுத்திப் பார்த்தோம்; மீன் பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். கால்வாய் மதகில் நிறுத்தினோம், அங்கே குளித்துக்கொண்டிருந்தார்கள். நீல போர்டு வண்டியிலிருந்து பட்டுச் சேலைக்காரி இறங்கித் தண்ணீரில் எதையோ வீசினால் ஊரே பார்க்கும். பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ராயக்கோட்டை வழியாக ஓசூர் வந்து சேர்ந்தோம். தேர்தல் நேரம். எல்லைக்கு முன்னால் தடுப்புகளைக் குறுக்கே வைத்து, போலீசாரும் பறக்கும் படையும் ஒவ்வொரு வண்டியாக நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு காய்கறி வண்டிக்காரர் தக்காளிப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். சந்து வழியாகப் போயிருக்கலாமே என்றேன். "நீல போர்டு வண்டி சந்துல பூந்தாத்தான் பிடிப்பாங்க. பேசாம உக்காரு" என்றார் இவர். அவர் பின்கழுத்தில் வேர்வை இறங்கிச் சட்டைக் காலர் நனைந்திருந்தது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று கூடத் தெரியவில்லை.

ஒரு போலீஸ்காரர் எங்கள் வண்டியை நோக்கி வந்தார். போர்டைப் பார்த்தார். திரும்பி, காய்கறி வண்டியை ஓரம் கட்டச் சொல்லிச் சத்தம் போட்டார். தடுப்பைத் தானே இழுத்து நகர்த்தினார். வண்டி அவரைத் தாண்டும்போது கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய் எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். நான் லேசாகத் தலையசைத்தேன். எங்கிருந்து வந்ததோ எனக்கு அந்தத் தலையசைப்பு. என் மடியில் பையும், பையில் வெள்ளைப் பலகைகளும் இருந்தன. தக்காளிக்காரர் எங்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தார்.

அலுவலகத்தில் மேனேஜர் எங்களைப் பார்த்து வா என்றுகூடச் சொல்லவில்லை. அவசர அவசரமாக வண்டியைக் கட்டடத்துக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். பின்னாலேயே வந்து, வண்டியைச் சுற்றிப் பார்த்து, முன் போர்டுக்கு நேரே குனிந்தார். எண்களின் ஓரத்தில் நகத்தால் எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது என்னப்பா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன். "கடுகு சார்."

"கடுகு எப்பிடி இங்க வந்துச்சு?"

மறைத்துப் பயனில்லை. அடுப்பங்கரை, குடம், வெள்ளை போர்டு, கால்வாய் அளக்க வந்தவர்கள், போட்டோ, எல்லாவற்றையும் சொன்னேன். போலீசைக் கூப்பிடப் போகிறார் என்றே நினைத்தேன். இவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று என் கை தானாக நீண்டது. ஆனால் மேனேஜர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வண்டி இங்கதான் பின்னாடி நிக்குதுன்னு மேலிடத்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்மா. மேடம் ஆசைப்பட்டுக் குடுத்தாங்க, வேண்டாம்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்கு வாய் வரல. வரிய யாரு கட்டுறது? யாரும் கேக்க மாட்டாங்க, அப்பிடியே போயிடும்னு நெனச்சேன். புது அதிகாரி அடுத்த வாரம் வர்றாரு. வண்டியப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. நான் தூங்கியே எத்தன நாளாச்சு."

இத்தனை நாள் யாரை நம்பிக் காத்திருந்தோமோ அவர் எங்களைவிடப் பயந்திருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஆத்திரம்தான் வந்தது.

அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழைய மேனேஜர் ஆகிவிட்டார். "வண்டி இந்த இடத்த விட்டுப் போகவே இல்ல. நீங்க கொண்டு போகவும் இல்ல, கொண்டு வரவும் இல்ல. அந்த வெள்ளை போர்டு எங்க?"

"பாரூர் ஏரியில போட்டுட்டோம் சார்" என்றேன், பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு. அவரிடம் கொடுத்தால், அது என்றைக்காவது என் கணவருக்கு எதிராக வெளியே வரும் என்று தோன்றியது.

பிறகு அவர் இவருடைய தோளில் கை வைத்தார். "நீ இனிமே இங்க வேலைக்கு வர வேண்டாம்ப்பா. உன்னப் பாத்தா எல்லாருக்கும் அந்த வண்டி ஞாபகம் வரும். அது உனக்கும் நல்லதில்ல, எனக்கும் நல்லதில்ல."

இவர் சாவியை அவர் கையில் கொடுத்தார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மேடம் போன் பண்ணினா வண்டிய நான் நல்லா வெச்சிருக்கேன்னு சொல்லுங்க சார். திருப்பிக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா வருத்தப்படுவாங்க" என்றார். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனாலும் வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆள் என் கையோடு திரும்பி வருகிறாரே, அது போதும் என்றிருந்தது.

ஓசூர் பஸ் கூட்டமாக இருந்தது. அவருக்கு முன்னால் ஓர் இடமும் எனக்குப் பின்னால் ஓர் இடமும் கிடைத்தன. எல்லையைத் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தினார்கள். கர்நாடகத்திலிருந்து மதுபாட்டில், குட்கா கொண்டு வருகிறார்களா என்று பார்க்கிற வழக்கமான சோதனைதான். தேர்தலுக்காக இன்னும் கெடுபிடி. ஒரு போலீஸ்காரர் ஏறி ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தார். காலையில் சல்யூட் வைத்தவர்தானா என்று தெரியவில்லை. தொப்பிக்குக் கீழே எல்லா முகமும் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தது.

"பையத் தொறம்மா."

திறந்தேன். சாப்பாட்டு டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார். துண்டு மூட்டையை வெளியே எடுத்தார். மடித்த பலகை பைக்குள்ளேயே விழுந்துவிட்டது. அகலமான பலகை மட்டும் அவர் கையில் இருந்தது. துண்டு விலகி, எழுத்தில்லாத வெறும் தகடு மேலே தெரிந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த இவர் திரும்பியே பார்க்கவில்லை. அவர் கழுத்து மட்டும் மரக்கட்டையாகிவிட்டிருந்தது.

"என்னம்மா இது?"

"குடத்து மூடிங்க."

போலீஸ்காரர் அதைக் கொஞ்சம் சாய்த்தார். திருப்பினால் தீர்ந்தது. "மூடிய எல்லாமா பெங்களூர்ல போய் வாங்குறீங்க?" என்று அலுத்துக்கொண்டு, பலகையைத் துண்டோடு மடியில் போட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். பட்டுச் சேலையை அவர் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.

அந்தப் பலகைகளை அதற்குப் பிறகும் என்னால் எங்கேயும் போட முடியவில்லை. ஏரியில் போட்டால் கோடையில் தண்ணீர் வற்றும். புதைத்தால் வீட்டுக்காரர் உழுவார். பழைய இரும்புக் கடைக்காரர் படிக்கத் தெரிந்தவர். அதனால் மடித்ததை அரிசிப் பானையின் அடியில் புதைத்துவிட்டு, அகலமானதை என் தண்ணீர்க் குடத்தின் மேலேயே, எழுத்து கீழே இருக்கும்படி வைத்திருக்கிறேன். இவர் இப்போது எங்கள் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறார். எல்லைப் பக்கம் போகிற வேலை வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் நான் இன்றைக்கும் முதலில் ஓடுவது வாசலுக்கு இல்லை, அடுப்பங்கரைக்கு. மூடி சரியான பக்கம் கவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன்.